ராமானுஜனின் சூத்திரம் அழகற்றதா? மூளை ஸ்கேன் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

கேள்வி இது: "ஓவியம், இசை, கணிதம் என்று எதை ரசித்தாலும் மூளையில் ஒரே இடம்தான் வேலை செய்கிறது என்று கண்டுபிடித்திருக்கிறார்களாமே. அப்படியென்றால் அழகு என்பது மூளைக்குள் நடக்கும் ஒரு நிகழ்வு மட்டும்தானா? ஒருவருடைய ரசனை சரி, இன்னொருவருடையது பிசகு என்று பேச இனி இடமுண்டா?"

கண்டுபிடிப்பில் உண்மை இருக்கிறது. ஆனால் அதிலிருந்து இந்த முடிவு வராது. "நரம்பியலுக்கு இங்கே வேலையே இல்லை" என்று தத்துவம் படித்த சிலர் சொல்வதும் சரியில்லை. தத்துவவாதி விட்கன்ஸ்டைன் 1938இல் கேம்பிரிட்ஜில் அழகியல் பற்றிப் பேசியபோது, அழகு குறித்த நம் தீர்ப்புகளையெல்லாம் உளவியல் ஒருநாள் விளக்கிவிடும் என்ற எண்ணத்தையே வேடிக்கையானது என்று ஒதுக்கினார். அவர் பக்கம் பாதி நியாயம் இருக்கிறது. எந்தப் பாதி என்பதை ஒரு சோதனையை விரித்து வைத்துப் பார்த்தால் புரியும்.

2014இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் நரம்பியலாளர் செமிர் ஸெகியின் குழு ஒரு ஆய்வை வெளியிட்டது. குழுவில் புகழ்பெற்ற கணித மேதை மைக்கேல் அட்டியாவும் இருந்தார். 15 கணிதர்களிடம் 60 சமன்பாடுகளை முன்கூட்டியே கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் −5 முதல் +5 வரை அழகு மதிப்பெண் போடச் சொன்னார்கள். பிறகு எஃப்.எம்.ஆர்.ஐ. என்ற மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து அதே சமன்பாடுகளைக் காட்டி, அழகு, நடுநிலை, அழகின்மை என்று மூன்றில் ஒன்றைச் சொல்லச் சொன்னார்கள். எந்த அளவுக்குப் புரிந்தது என்பதையும் தனியாகக் கேட்டுக்கொண்டார்கள். கண்குழிகளுக்கு நேர் மேலே, நெற்றிக்கு உட்புறம், நடுக்கோட்டை ஒட்டிய ஒரு பகுதியில் செயல்பாடு அழகு மதிப்பெண்ணோடு சேர்ந்து ஏறியது, சேர்ந்து இறங்கியது. மீடியல் ஆர்பிட்டோஃப்ரன்டல் கார்ட்டெக்ஸ் என்பது அதன் பெயர். கண்குழிமேல் புறணி என்று இங்கே வைத்துக்கொள்வோம். இதே குழு 2011இல் 21 பேரிடம் ஓவியத்தையும் இசையையும் வைத்துச் சோதித்தபோதும் இரண்டுக்கும் பொதுவாக வந்த இடம் இதுதான்.

அந்த 60இல் எல்லோரும் ஏறத்தாழ ஒருமித்து அழகு என்றது ஆய்லரின் முற்றொருமையை (e, i, π, 1, 0 என்ற ஐந்தையும் ஒரே வரியில் இணைக்கும் சமன்பாடு). ஒருமித்து அழகற்றது என்றது ராமானுஜன் 1914இல் வெளியிட்ட, பையின் (π) தலைகீழிக்கான முடிவிலாத் தொடரை.

அந்தத் தொடரில் 9801, 1103, 26390, 396 என்ற எண்கள் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் வந்து நிற்கின்றன. முதல் பார்வைக்குக் கரடுமுரடு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் முதல் உறுப்பை மட்டும் எடுத்துக்கொண்டாலே பையின் மதிப்பு ஆறு தசம இடம் வரை சரியாக வரும். அதற்குப் பிறகு ஒவ்வொரு உறுப்பும் சுமார் எட்டு இலக்கங்களைக் கூட்டிக்கொண்டே போகும். 1985இல் பில் காஸ்பர் இதை வைத்தே பையை 1.7 கோடி இலக்கங்களுக்கும் மேல் கணக்கிட்டார். எண்கள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால் காட்சியே மாறிவிடும். 9801 என்பது 99இன் வர்க்கம். 396 அந்த 99இன் நான்கு மடங்கு. 396இன் நான்காம் அடுக்கு 24591257856. இயல்மடக்கையின் அடியெண்ணான 2.71828…ஐ, பையையும் 58இன் வர்க்கமூலத்தையும் பெருக்கி வரும் அடுக்குக்கு உயர்த்தினால் கிடைப்பது 24591257751.9999998. இரண்டுக்கும் இடைவெளி மயிரிழை வித்தியாசத்தில் 104! 58 என்ற எண்ணுக்கு மாடுலர் சார்புகளின் (சில உருமாற்றங்களுக்குப் பிறகும் வடிவம் மாறாத ஒரு வகைச் சார்புகள்) உலகத்தில் இருக்கும் ஒரு தனித்தன்மைதான் இந்தச் சூத்திரத்தில் 396 என்ற முகத்தோடு வெளியே தெரிகிறது. இதைப் பின்தொடர்ந்து பார்த்தவருக்கு அந்த வரி கரடுமுரடாகத் தெரிவது கடினம்.

இப்போது தத்துவக் கேள்விக்கு வருவோம். இந்தத் தொடரைப் பார்த்தபோது அந்தக் கணிதர்களின் கண்குழிமேல் புறணி அடங்கியிருந்தது என்றால், சூத்திரம் அழகற்றது என்பதற்கு அது சான்றா? அந்த மனிதர்களுக்கு, அந்த நேரத்தில், அது அழகாகப் படவில்லை என்பதற்குத்தான் சான்று. அவர்கள் மனத்தை மாற்ற வேண்டுமானால் 58ஐயும் 396ஐயும் காட்ட வேண்டும். அதாவது சூத்திரத்தைச் சுட்டிக்காட்டிப் பேச வேண்டும். ஏழெட்டு 54 என்று உறுதியாக நம்புகிறவன் மூளையிலும் உறுதிக்கான தடம் இருக்கும், 56 என்பவன் மூளையிலும் இருக்கும். யார் சரி என்பதற்கு ஸ்கேனைப் பார்க்க மாட்டோம். அழகில் பெருக்கல் கணக்கைப் போல முடிந்த முடிவு கிடையாது என்று ஒருவர் சொல்லலாம். சொல்லட்டும். அதையும் அவர் காரணங்களை வைத்துத்தான் வாதிக்க முடியும், மூளைப் படத்தை வைத்து முடியாது. விட்கன்ஸ்டைனின் நியாயமான பாதி இது.

இதற்கு மேல் போவதற்குள் கருவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தத்துவக் குழப்பங்களில் பாதி, படத்தைத் தப்பாகப் படிப்பதால் வருகிறது.

எஃப்.எம்.ஆர்.ஐ. நியூரான்களை நேரடியாகப் பார்ப்பதில்லை. ஓரிடத்தில் நியூரான்கள் சுறுசுறுப்பானால் அங்கே பிராணவாயு நிறைந்த ரத்தம் கூடுதலாகப் பாயும். அந்த மாற்றத்தைத்தான் கருவி பதிவு செய்கிறது. ரத்தம் உச்சத்துக்கு வரவே 5, 6 விநாடி ஆகும். ஒரு ராகத்தின் பிடியில் நிகழும் சிலிர்ப்பு அதற்குள் கடந்துபோயிருக்கும். படத்தின் மிகச் சிறிய அலகு சுமார் 3 மி.மீ. பக்கமுள்ள கனசதுரம், அதற்குள் பல லட்சம் நியூரான்கள். ஒரே கனசதுரம் ஓவியத்துக்கும் இசைக்கும் ஒளிர்ந்தால், உள்ளே அதே நியூரான்கள்தான் வேலை செய்தன என்று ஆகிவிடாது. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு தனிக் கூட்டங்களாகவும் இருக்கலாம். "ஒரே இடம்" என்பதை "ஒரே வேலை" என்று படிக்கும்போது நேரும் முதல் வழுக்கல் இது.

இரண்டாவது சிக்கலைச் செய்திக் கட்டுரைகள் தொடுவதே இல்லை. நெற்றி எலும்பிலும் மூக்கின் மேற்புறத்திலும் சைனஸ் என்னும் காற்றறைகள் இருக்கின்றன. காற்றும் திசுவும் சந்திக்கும் இடத்தில் காந்தப்புலம் கோணிக்கொள்ளும், சிக்னல் மங்கும், சில ஆட்களில் அடியோடு காணாமல் போகும். அழகோடு சேர்த்துப் பேசப்படும் இந்தப் புறணி சரியாக அந்த அறைகளுக்கு மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. துண்டுப் படங்களைச் சாய்த்து எடுப்பது, எக்கோ நேரத்தை, அதாவது தூண்டலுக்கும் சிக்னலைப் படிப்பதற்கும் இடைப்பட்ட நேரத்தை, குறைப்பது என்று ஈடுகட்டும் வழிகள் உண்டு. ஆய்வாளர்கள் அவற்றைச் செய்தார்களா என்று செய்முறைப் பகுதியில் பார்க்காமல் முடிவுப் பகுதியை நம்பக் கூடாது.

"ஒளிர்ந்தது" என்பது எப்போதும் ஒப்பீடு. இந்தப் புறணியின் அண்டைப் பகுதிகள் சும்மா படுத்திருக்கும்போது சுறுசுறுப்பாகவும், ஒரு வேலையைக் கொடுத்தால் அடங்கியும் போகும் வலைப்பின்னலைச் சேர்ந்தவை. ஆகவே "அழகுக்கு அதிகம்" என்பது சில சமயம் "அழகுக்குக் குறைவாக அடங்கியது" என்றே பொருள்படும். ஆயிரக்கணக்கான கனசதுரங்களைத் தனித்தனியே சோதிக்கும்போது தற்செயலாகவே சில ஒளிரும் என்பதையும் மறக்கக் கூடாது. 2009இல் ஓர் ஆய்வுக்குழு செத்த சால்மன் மீன் ஒன்றை ஸ்கேனருக்குள் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, புள்ளியியல் திருத்தம் செய்யாவிட்டால் அதன் மூளையிலும் "செயல்பாடு" தென்படும் என்று நிரூபித்தது. அந்தத் திருத்தம் இல்லாத பழைய ஆய்வுகளை ஒதுக்கிவைப்பதே மேல்.

மூன்றாவது சிக்கல் தர்க்கத்தைச் சேர்ந்தது. டெங்கு வந்தால் காய்ச்சல் வரும். காய்ச்சல் வந்தவருக்கெல்லாம் டெங்கு இல்லை. அழகை உணரும்போது கண்குழிமேல் புறணி வேலை செய்கிறது என்பதால், அது வேலை செய்யும்போதெல்லாம் ஒருவர் அழகை உணர்கிறார் என்று சொல்ல முடியாது. இந்தத் தலைகீழ் ஊகத்தின் அபாயத்தை உளவியலாளர் ரஸல் போல்ட்ராக் 2006இல் தெளிவாக எழுதினார். 2011இல் நான்கு புலன்களைத் தொட்ட 93 மூளைப்பட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, ஓவியம், இசை, உணவு, வாசனை எல்லாவற்றுக்கும் பொதுவாகத் துருத்தி நின்றது வலப்பக்க முன் இன்சுலா என்ற, மூளைப் புறணியின் மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் பகுதி. ஆக, நாம் பேசிக்கொண்டிருப்பது கலைக்கென்று ஒதுக்கப்பட்ட இடத்தைப் பற்றியே இல்லை. "இது எனக்கு நல்லது" என்று எதையும் எடைபோடும் பொது ஏற்பாட்டைப் பற்றி.

இங்கேதான் ஜெர்மன் தத்துவவாதி காண்ட் வந்து நிற்கிறார். 1790இல் அவர் போட்ட கோடு இது: கேனரி ஒயின் இனிமையாக இருக்கிறது என்றால் "எனக்கு" என்ற சொல்லைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், ஒரு பொருளை அழகு என்றால் அந்தச் சொல்லைச் சேர்க்க முடியாது. ஏனென்றால் அழகு என்று சொல்லும்போது மற்றவர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று கோருகிறோம். 2008இல் கலிஃபோர்னியாவில் ஒரு சோதனை நடந்தது. ஒரே ஒயினை ஒருமுறை 10 டாலர் என்றும் இன்னொருமுறை 90 டாலர் என்றும் சொல்லி, ஸ்கேனருக்குள் படுத்திருந்தவர்களுக்குக் குழாய் வழியே கொடுத்தார்கள். 90 டாலர் என்று கேட்டபோது சுவை கூடியதாகச் சொன்னார்கள். கண்குழிமேல் புறணியின் செயல்பாடும் கூடியது. காண்ட் பிரித்துவைத்த இனிமையும் அழகும் ஒரே புறணியில் வந்து சேர்கின்றன.

இதனால் காண்ட் தோற்றுவிட்டாரா? அவசரப்பட வேண்டாம். அவர் சொன்ன வேறுபாடு இன்பத்தின் தரத்தைப் பற்றியதாக இருந்தால் அவருக்குச் சிக்கல்தான். அழகின் இன்பம் தனி ரகம் என்பதற்கு இந்தப் புறணியில் ஆதாரம் கிடைக்கவில்லை. வேறுபாடு, அந்த இன்பத்தை வைத்து நாம் என்ன உரிமை கொண்டாடுகிறோம் என்பதைப் பற்றியதாக இருந்தால் அவருக்கு ஒரு கீறலும் இல்லை. ஒரே தொகை கடனாகவும் வரலாம், கூலியாகவும் வரலாம். நோட்டைப் புரட்டிப் பார்த்து எது என்று சொல்ல முடியாது. இரண்டாவது வாசிப்பே சரியென்று எனக்குப் படுகிறது. ஆனால் அதை ஏற்றால், அழகின் இன்பம் விருப்பு வெறுப்பு கலக்காத தூய ரகம் என்ற பழைய வர்ணனையைக் கைவிட வேண்டியிருக்கும். அதுவும் சின்ன விஷயமில்லை.

ஒயின் சோதனை எழுப்பும் பெரிய கேள்வி வேறு. விலைச்சீட்டு சுவையையே மாற்றுகிறது என்றால், நம் ரசனையில் எவ்வளவு பொருளிலிருந்து வருகிறது, எவ்வளவு சீட்டிலிருந்து வருகிறது? 2009இல் அரூப ஓவியங்களைக் காட்டி, சிலவற்றைக் கலைக்கூடத்திலிருந்து வந்தவை என்றும் சிலவற்றைக் கணினி உருவாக்கியவை என்றும் சொன்னபோது, கலைக்கூடம் என்ற சீட்டுக்கே மதிப்பெண் கூடியது. அதே புறணியும் உடன் ஏறியது. 2011இல் ஆக்ஸ்ஃபோர்டில் ரெம்ப்ராண்டின் அசல்களையும் போலிகளையும் வைத்துச் சோதித்தார்கள். பார்வைப் பகுதிகளில் அசலுக்கும் போலிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. "இது அசல்", "இது போலி" என்று சொன்ன சொல்தான் மூளையின் பதிலை மாற்றியது.

இதைக் கேட்டதும் "பார்த்தீர்களா, எல்லாம் ஏமாற்று" என்பவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. சீட்டுகள் எல்லாம் ஒரே ரகம் கிடையாது. ஒயினின் விலை அதன் சுவையில் அடங்கிய ஒன்றல்ல. அது சுவையை மாற்றினால் அது திரிபு. யார் வரைந்தார், எந்தக் காலத்தில், எதை முதன்முதலாகச் செய்தார் என்பது ஓவியத்தைச் சாதனையாகப் பார்க்கும்போது அதைச் சேர்ந்த தகவல். அது நம் அனுபவத்தை மாற்றினால் அறிவு அனுபவத்துக்குள் இறங்கியது என்றே பொருள். ராமானுஜன் சூத்திரத்தில் 58 செய்யும் வேலையும் இதுதான். எந்தச் சீட்டு பொருத்தமானது என்ற கோட்டை நரம்பியல் போட முடியாது. சீட்டு உள்ளே நுழைந்துவிட்டது என்பதைக் காட்டிக்கொடுக்க அதற்கு முடியும்; நமக்கு நாமே அதைத் தெரிந்துகொள்ள வழியில்லை. 90 டாலர் என்று கேட்டவருக்கு ஒயின் உண்மையாகவே அதிகம் ருசித்தது, அவர் பொய் சொல்லவில்லை.

இப்படித்தான் நரம்பியல் தத்துவத்துக்கு மெய்யாகவே உதவுகிறது. இன்னும் வலுவான உதாரணங்கள் இசையில் இருக்கின்றன. 2011இல் மான்ட்ரியாலில், இசை கேட்டால் புல்லரிக்கும் 8 பேரைத் தேர்ந்தெடுத்து டோபமின் என்ற மூளை வேதிப்பொருளின் சுரப்பை அளந்தார்கள். உச்ச இடம் வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பின்போது காடேட் என்ற பகுதியிலும், உச்சம் வந்தபோது நியூக்ளியஸ் அகும்பென்ஸ் என்ற பகுதியிலும் டோபமின் கூடியது. ஆனால் இது உடன்நிகழ்வு மட்டுமே. டோபமின்தான் காரணம் என்று சொல்ல வேண்டுமானால் அதைக் கூட்டியும் குறைத்தும் பார்க்க வேண்டும். 2019இல் அதையும் செய்தார்கள். 27 பேருக்கு மூன்று தனித்தனி நாட்களில் டோபமினைக் கூட்டும் லெவோடோபா, அதைத் தடுக்கும் ரிஸ்பெரிடோன், வெற்று மாத்திரை. முதலாவதில் இசையின்பம் கூடியது, இரண்டாவதில் குறைந்தது. 2018இல் தலைக்கு வெளியிலிருந்து காந்தத் துடிப்பால் இடப்பக்க முன்நெற்றிப் புறணியைத் தூண்டியும் தணித்தும், பாட்டின் மீதான விருப்பத்தை ஏற்றி இறக்கிக் காட்டினார்கள். பாட்டில் ஒரு சுரம்கூட மாறவில்லை.

காந்தத்தால் ஏறிய விருப்பம் அந்தப் பாட்டைப் பற்றிய தீர்ப்பா? எதைக் கேட்டிருந்தாலும் ஏறியிருக்கும் அளவுக்கு அது பாட்டைப் பற்றியதல்ல. ஓர் அனுபவத்தின் காரணம் பொருளின் குணங்களோடு இழை சேர்ந்து மாறினால் மட்டுமே அது அந்தப் பொருளைப் பற்றிப் பேசுகிறது. சீட்டுக்கும் காந்தத்துக்கும் மாத்திரைக்கும் இந்த ஒரே உரைகல் போதும்.

பார்சலோனா ஆய்வாளர்கள் 2014இல் விவரித்த ஒரு வகை மனிதர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இவர்களுக்குக் காது சரியாகக் கேட்கும். ஒரு பாட்டு சோகமா, மகிழ்ச்சியா என்று சரியாகச் சொல்வார்கள். பணம் ஜெயித்தால் மற்றவர்களைப் போலவே துள்ளுவார்கள். இசை மட்டும் எந்த இன்பமும் தராது, நாடித்துடிப்பு ஏறாது. 2016இல் தொடர்ந்து பார்த்தபோது, செவிப்புறணிக்கும் இன்பச் சுற்றுக்கும் இடையிலான ஒத்துழைப்பு இவர்களிடம் குறைவாக இருந்தது. உணர்ந்தறிவதும் இன்புறுவதும் பிரியக்கூடியவை என்பதற்கு இதைவிடச் சுத்தமான ஆதாரம் கிடைப்பது அரிது. அப்படியானால் இப்படிப்பட்டவர் இசை விமர்சகராக முடியுமா? தாளக் கட்டு எங்கே தளர்ந்தது, எந்தத் திருப்பம் எதிர்பாராதது என்றெல்லாம் அவரால் சொல்ல முடியும். "அழகு" என்ற கடைசிச் சொல்லை மட்டும் அடுத்தவர் நாக்கை நம்பி உப்புப் பார்ப்பவரைப் போலத்தான் சொல்ல முடியும். அழகுத் தீர்ப்புக்கு நேரடி அனுபவம் கட்டாயம் என்று வாதிடும் தத்துவவாதிகளுக்கு, அந்த "அனுபவம்" என்ற சொல்லில் கேட்பது எவ்வளவு, இன்புறுவது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வேண்டிய கட்டாயத்தை இந்த மனிதர்கள் ஏற்படுத்தியிருக்கிறார்கள்.

நியூயார்க் பல்கலைக்கழகத்தில் 2012இல் 16 பேரிடம் 109 ஓவியங்களைக் காட்டி, எவ்வளவு நெகிழவைத்தது என்று 1 முதல் 4 வரை மதிப்பிடச் சொன்னார்கள். யாரும் யாரோடும் அவ்வளவாக ஒத்துப்போகவில்லை. 1, 2, 3 என்று படிப்படியாக ஏறாத ஒரு வலைப்பின்னல், 4இல் மட்டும் துள்ளி எழுந்தது. தன்னைப் பற்றி நினைக்கும்போதும் பழையதை அசைபோடும்போதும் வேலை செய்யும் வலைப்பின்னல் அது. பிடிப்பது கூடக் கூட நெகிழ்வு வந்துவிடும் என்ற எண்ணத்தை இது உடைக்கிறது. அழகு மதிப்பெண்ணை மட்டும் கேட்கும் ஆய்வுகளில் எனக்குள்ள பெரிய குறையும் இங்கேதான் தொடங்குகிறது. தொல்காப்பியம் எண்ணும் எட்டு மெய்ப்பாடுகளில் நகையும் உவகையும் இருக்கின்றன. அழுகையும் இளிவரலும் அச்சமும் வெகுளியும்கூட இருக்கின்றன. கலையில் ஒருவர் அழுதுவிட்டு நிறைந்து எழுவதை "அழகு: 8/10" என்ற கட்டத்தில் எங்கே எழுதுவது?

நரம்பியலாளர் வி. எஸ். ராமச்சந்திரனும் தத்துவவாதி வில்லியம் ஹிர்ஸ்டைனும் 1999இல் கலைக்கு எட்டு நரம்பியல் விதிகளை முன்வைத்தபோது, வடமொழி அழகியலின் ரசம் என்ற சொல்லையும் சோழர் காலத்துப் பார்வதி செப்புத்திருமேனியையும் எடுத்துக்கொண்டார்கள். தாய்ப்பறவையின் அலகிலுள்ள சிவப்புப் புள்ளியைக் கொத்தும் கடற்புறாக் குஞ்சு, மூன்று சிவப்புக் கோடுகள் போட்ட குச்சியை இன்னும் ஆவலாகக் கொத்தும். அதேபோல் பெண்ணுருவின் சாரத்தை மிகைப்படுத்தியதுதான் அந்தச் சிலையின் ஈர்ப்பு என்பது அவர்கள் வாதம். தத்துவவாதி ஜான் ஹைமன் இதை மறுத்தார், மறுப்பு வலுவானது. உருவத்தை மிகைப்படுத்துவது மலிவான விளம்பரப் படத்திலும் நடக்கிறது. கண் ஏன் அங்கே போகிறது என்பதற்கு இந்த விதி காரணம் சொல்கிறது. இடுப்பின் வளைவும் தொங்கவிட்ட கையின் தளர்வும் சேர்ந்து அந்தத் திருமேனியில் மட்டும் கூடிவரும் அமைதிக்கு அதனிடம் பதில் இல்லை.

கேள்வியின் கடைசிப் பகுதியை, ரசனையில் சரி, பிசகு உண்டா என்பதை, சோதிக்கக்கூடிய வடிவத்திலேயே வைக்கலாம். ராமானுஜன் தொடரை அழகற்றது என்ற கணிதர்களில் பாதிப்பேருக்கு மாடுலர் சார்புகளையும் 58இன் கதையையும் சில வாரம் முறையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். மறுபாதிப் பேருக்கு அதே நேரம் வேறொரு கணிதப் பாடம். பழகியதாலேயே பிடித்துப்போவது உண்டு என்பதால், இரு பாதியினரும் தொடரைப் பார்க்கும் தடவைகள் சமமாக இருக்க வேண்டும். பாடம் நடத்துபவர் "அழகு" என்ற சொல்லையே உச்சரிக்கக் கூடாது. உச்சரித்தால் அதுவும் ஒரு சீட்டு. பிறகு இரு பாதியினரையும் மறுபடி ஸ்கேன் செய்யலாம். 58ஐ அறிந்தவர்களிடம் மட்டும் மதிப்பெண்ணும் புறணியும் சேர்ந்து ஏறினால், காரணங்கள் இன்பத்துக்குள்ளேயே இறங்குகின்றன என்று ஆகும். மதிப்பெண் ஏறிப் புறணி அசையாமல் கிடந்தால், ஒருவர் இன்புறாமலே அழகு என்று தீர்ப்பளிக்க முடியும் என்று ஆகும். அப்போது காண்ட் முதல் ஸெகி வரை எல்லோரும் அழகை இன்பத்தோடு கட்டிவைத்த முடிச்சையே அவிழ்த்துப் பார்க்க வேண்டியிருக்கும்.